மாஸ்டர் பிளான் போட்ட நிறுவனம் போன பிறகு நகரத்தில் என்ன தங்குகிறது?

"நகரின் அடுத்த இருபது ஆண்டு வளர்ச்சிக்கு மாஸ்டர் பிளான் தயாரிக்க ஆலோசனை நிறுவனம் நியமனம்" என்ற செய்தி, வேகமாக வளரும் எந்த நகரத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. கூடவே குழப்பமும் வருகிறது. நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அரசா, கம்பெனியா? அவர்கள் வரைந்தது சட்டமா, வெறும் யோசனையா? வரைபடத்தில் நம் வீட்டின் மேல் ஒரு கோடு போனால் வீடு போய்விடுமா?

அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் இந்தக் கேள்விகள் எல்லாம் ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன. ஆலோசனை நிறுவனம் சில ஆண்டுகளில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். அது போட்ட கோடும் எடுத்துக்கொண்ட அனுமானமும் ஐம்பது ஆண்டுகூடத் தங்கும். அந்தக் கோட்டைப் படிக்கவும், தப்பாக இருந்தால் திருத்தவும் தெரிந்த ஆட்கள் நகரத்துக்குள்ளேயே இருந்தார்களா என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலான நல்லதும் கெட்டதும் நடந்திருக்கிறது.

## இந்த நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

நகரத் திட்ட ஆலோசனை நிறுவனம் கட்டடம் கட்டிக் கொடுப்பதில்லை. நகரத் திட்டமிடுபவர்கள், போக்குவரத்துப் பொறியாளர்கள், நீரியல் நிபுணர்கள், பொருளாதாரம் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே குழுவாக வைத்துக்கொண்டு, மாநகராட்சிக்கோ வளர்ச்சி ஆணையத்துக்கோ கட்டணம் வாங்கி வேலை செய்கிறது. அந்த வேலையில் பொதுவாக நான்கு பகுதிகள் உண்டு.

1. அளப்பது. எங்கே யார் குடியிருக்கிறார்கள், எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காலையில் மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பது.

2. கணிப்பது. இருபது முப்பது ஆண்டு கழித்து மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, வாகனங்கள், தண்ணீர்த் தேவை எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுவது.

3. வரைவது. குடியிருப்பு, தொழில், வணிகம், வேளாண்மை, திறந்தவெளி என்று நிலத்தைப் பிரித்து நிறம் தீட்டுவது. இதைத்தான் நிலப் பயன்பாட்டு வரைபடம் என்கிறோம். புதிய சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் கோடு போடுவதும் இதில் சேரும்.

4. விதி எழுதுவது. இதில் முக்கியமானது தளப்பரப்புக் குறியீடு. ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதுதான் அது. குறியீடு 2 என்றால், 1,000 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2,000 சதுர அடி கட்டலாம்.

இதையெல்லாம் நகர நிர்வாகமே செய்யலாமே என்று தோன்றும். ஆள் இருந்தால் செய்யலாம். 2011 வாக்கில் எடுத்த ஒரு கணக்குப்படி, ஒரு லட்சம் மக்களுக்கு அங்கீகாரம் பெற்ற திட்டமிடுபவர்கள் பிரிட்டனில் கிட்டத்தட்ட 38 பேர். நைஜீரியாவில் ஒன்றரை பேருக்கும் குறைவு. இந்தியாவில் 0.23, அதாவது நான்கு லட்சம் பேருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஆனால் நகரங்கள் வளர்வது எங்கே? 2018இல் உலக மக்களில் 55 சதவீதம் பேர் நகரவாசிகள். 2050இல் இது 68 சதவீதமாகும் என்று அந்த ஆண்டு ஐ.நா. மதிப்பிட்டது. கூடப்போகிறவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் இருப்பார்கள் என்றும் சொன்னது. திட்டமிட ஆள் இல்லாத இடத்தில்தான் திட்டம் அதிகம் தேவைப்படுகிறது. அந்த இடைவெளியில் ஆலோசனை நிறுவனம் வந்து உட்காருகிறது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடனில் நடக்கும் திட்டங்களில், ஆலோசகரை வைத்துக்கொள்வது ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே வந்துவிடுவதும் உண்டு.

## அறிக்கை சட்டமாவது எப்படி?

நிறுவனம் கொடுப்பது வரைவு மட்டுமே. அதற்குச் சட்ட பலம் கிடையாது. நகர நிர்வாகம் அதை ஏற்று, மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்டு, திருத்தி, உரிய அரசின் ஒப்புதலுடன் அறிவிக்கை வெளியிட்ட பிறகுதான் அது கட்டுப்படுத்தும். நாட்டுக்கு நாடு படிகள் மாறும். ஆனால் முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுவது எப்போதும் அரசுதான். சட்டப்படி பொறுப்பும் அதனுடையதே.

நடைமுறையில் நடப்பது வேறு. நானூறு ஐந்நூறு பக்க அறிக்கை, நூற்றுக்கணக்கான வரைபடத் தாள்கள், போக்குவரத்தைக் கணித்துக் காட்டும் ஒரு கணினி மாதிரி (மாடல்) எல்லாம் வந்து இறங்கும்போது அதை வரிவரியாகச் சோதிக்க அலுவலகத்தில் ஆள் இருப்பதில்லை. அப்படியானால் வரைவே முடிவாகிவிடுகிறது.

சரி, வீட்டின் மேல் போகும் கோட்டுக்கு வருவோம். வரைபடத்தில் 30 மீட்டர் அகலச் சாலை என்று இரண்டு இணைகோடுகள் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு குடும்பத்தின் மனை இருக்கிறது. வரைபடம் அறிவிக்கையானதும் நிலம் உடனே போய்விடாது. அதற்குத் தனியாகக் கையகப்படுத்தும் நடவடிக்கை வேண்டும், இழப்பீடு தர வேண்டும். ஆனால் அன்றிலிருந்தே அந்த மனையில் புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம். விற்கப் போனால் வாங்க வருபவர் கோட்டைக் காட்டி விலையைக் குறைப்பார். வங்கி கடன் தரத் தயங்கும். சாலைக்கு அடுத்த ஆண்டும் பணம் ஒதுக்கப்படாது, அதற்கடுத்த பத்தாண்டும் ஒதுக்கப்படாது. வீட்டுக்கு மாடி எடுக்க முடியாமல், இழப்பீடும் கிடைக்காமல் அந்தக் குடும்பம் நடுவில் நிற்கும். இதைத் திட்ட முடக்கம் என்று சொல்லலாம். கோடு போட்டவருக்கு அது வரைபடத்தில் இரண்டு மில்லிமீட்டர். அந்தக் கோட்டுக்கு எப்போது பணம் வரும், வராவிட்டால் எப்போது நீக்கப்படும் என்று எழுதாத திட்டத்தை முழுமையான திட்டம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

## ஒரு சதவீதத்தில் என்ன இருக்கிறது?

திட்ட அறிக்கையில் எல்லோரும் வண்ண வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் நகரத்தின் தலையெழுத்து பின்னிணைப்பில் இருக்கும் ஓர் அட்டவணையில் கிடக்கிறது. மக்கள்தொகை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அது.

பத்து லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டில் 14.9 லட்சம். 4 சதவீதம் வளர்ந்தால் 21.9 லட்சம். வித்தியாசம் ஏழு லட்சம் பேர். ஆளுக்கு நாளுக்கு 100 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால்கூட ஏழு கோடி லிட்டர். அத்தனைக்கும் குழாய் இல்லை, கழிவுநீர்ப் பாதை இல்லை, பள்ளிக்கு இடம் இல்லை. வருகிறவர்கள் வராமல் இருந்துவிடப் போவதில்லை. திட்டத்தில் இடம் இல்லாததால் ஓடைக் கரையிலும் தாழ்ந்த நிலத்திலும் குடியேறுவார்கள். பிறகு அவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வரும். கணக்கில் விட்டுப்போன மனிதரைக் குற்றவாளியாக்குவது எந்த வகையிலும் நியாயமில்லை.

போக்குவரத்துக் கணிப்பு இன்னும் வழுக்கலான விஷயம். எத்தனை பயணங்கள், எங்கிருந்து எங்கே, எந்த வாகனத்தில், எந்தச் சாலை வழியாக என்று நான்கு படிகளில் கணக்கிடும் முறை 1950களில் அமெரிக்காவில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவானது. ஆலோசனை நிறுவனங்கள் வழியாக அது உலகமெங்கும் போனது. கார் வாங்கிக்கொண்டே போகும் சமூகத்தைப் பார்த்துச் செய்த முறை, நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் அதிகமாக இருந்த நகரங்களிலும் பொருத்தப்பட்டது. நடப்பவரை அது ஒழுங்காக எண்ணவில்லை. எண்ணப்படாதவருக்கு நடைபாதை வரவில்லை.

எண் எவ்வளவு தவறும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. பென்ட் ஃபிளைபியார்க் என்ற டேனிஷ் ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை கூட்டிக் கணிக்கப்பட்டிருந்தது. சராசரியாக, வந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சாலைத் திட்டங்களில் பாதியில் கணிப்புக்கும் உண்மைக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 2010இல் திறந்த கிளெம்7 சுங்கச் சுரங்கச்சாலைக்கு நாளுக்கு 60,000 வாகனங்களுக்கு மேல் வரத் தொடங்கி ஒரு லட்சத்தை எட்டும் என்று கணித்திருந்தார்கள். பாதிகூட வரவில்லை. நடத்திய நிறுவனம் ஓராண்டுக்குள் கடனில் மூழ்கியது. முதலீட்டாளர்கள் கணிப்புச் செய்த ஆலோசனை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2015இல் அது சுமார் 28 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. முதலீட்டாளருக்கு வழக்குப் போட வழி இருந்தது. மக்கள்தொகைக் கணிப்பு தவறி, குழாய் வராத தெருவில் குடத்துடன் நிற்பவருக்கு அப்படி ஒரு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

## கோடுகளின் ஆயுள்

கட்டடத்தை இடிக்கலாம். சாலையை நகர்த்துவது அரிது. நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு 1811இல் தெருக் கட்டம் வரைந்தபோது அங்கே ஒரு லட்சம் பேர்கூட இல்லை; இருநூறு ஆண்டு கழித்தும் அந்தக் கட்டத்தில்தான் நகரம் நடக்கிறது. அது அரசு நியமித்த ஆணையர்கள் போட்டது. ஆலோசனை நிறுவனங்கள் போட்ட கோடுகளும் அதே மாதிரிதான் நிலைத்திருக்கின்றன.

குவைத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மினோப்ரியோ, ஸ்பென்ஸ்லி, மெக்ஃபார்லேன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1952இல் அந்நகரத்துக்குத் திட்டம் போட்டது. எண்ணெய்ப் பணம் வந்துகொண்டிருந்த நேரம். பழைய நகரைச் சுற்றியிருந்த மதில் 1957இல் இடிக்கப்பட்டது; வாயில்களை மட்டும் விட்டுவைத்தார்கள். மதில் போன தடத்தை ஒட்டி முதல் வட்டச்சாலை, அதற்கு வெளியே இரண்டாவது, மூன்றாவது என்று நகரம் விரிந்தது. இன்றும் அங்கே வழி சொல்கிறவர்கள் "நாலாவது வட்டச்சாலை" என்றுதான் சொல்கிறார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய முற்றத்து வீடுகளும் நிழல் விழும் குறுகிய சந்துகளுமாக இருந்த பழைய நகரத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. கடும் வெயில் நாட்டில் நிழல்தான் முதல் வசதி. அதை அகலச் சாலைக்காக விட்டுக்கொடுத்தார்கள். இப்போது கார் இல்லாமல் எங்கும் போக முடியாது.

இஸ்லாமாபாத்துக்கு கிரேக்கத் திட்டமிடுபவர் டாக்ஸியாடிஸின் நிறுவனம் 1960 வாக்கில் திட்டம் கொடுத்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எஃப்-6, ஜி-6 என்று எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள். இன்றைய வீட்டு முகவரியும் அதுதான். நகரம் ஒரு திசையில் நீண்டுகொண்டே போகலாம் என்ற அவர் யோசனையில் முன்னெச்சரிக்கை இருந்தது. ஆனால் பக்கத்திலிருந்த ராவல்பிண்டியையும் சேர்த்து ஒரே பெருநகரமாகப் பார்க்கும் பகுதி அதே அக்கறையுடன் நிறைவேறவில்லை.

சில கோடுகளை மக்கள் தடுத்தும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் பெரிய சாலைகளும் பாலங்களும் கட்டிய அதிகாரி ராபர்ட் மோசஸ் 1946இல் ஆலோசகராகப் போய் நியூ ஆர்லியன்ஸுக்கு ஒரு சாலைத் திட்டம் எழுதிக் கொடுத்தார். அதில் பழம்பெரும் பிரெஞ்சுக் குடியிருப்பின் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு விரைவுச்சாலை இருந்தது. எழுதியவர் ஊர் திரும்பிவிட்டார். அந்தக் கோடு 23 ஆண்டு உயிரோடு இருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1969இல்தான் அமெரிக்க அரசு அதை ரத்து செய்தது. அதே காலத்தில், அதே நகரில், கறுப்பின மக்களின் கடைவீதியாக இருந்த கிளெய்போர்ன் அவென்யூவில் வரிசை வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டி மேம்பாலச் சாலை கட்டிவிட்டார்கள். குரல் எட்டியவர்களின் தெரு தப்பியது, எட்டாதவர்களின் தெரு போனது. ஒரு வரைவுத் திட்டத்தைப் படிக்கும்போது, கோடுகள் யார் வீட்டுப் பக்கமாக வளைகின்றன என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

## அபுஜா: திட்டமே ஆயுதமானபோது

நைஜீரியா தன் தலைநகரை லாகோஸிலிருந்து நாட்டின் நடுப்பகுதிக்கு மாற்ற 1976இல் முடிவு செய்தது. மூன்று அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு 1979இல் அபுஜாவுக்கு மாஸ்டர் பிளான் கொடுத்தது. மைய அரசுப் பகுதியை ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்தார். 1991 டிசம்பரில் தலைநகர் முறைப்படி மாறியது.

இடம் வெற்று நிலமாகவே பேசப்பட்டது. அங்கே குபாக்யி மக்கள் உள்ளிட்டோரின் கிராமங்கள் இருந்தன. எல்லோரையும் வெளியே குடியமர்த்துவது செலவு அதிகம் என்று தெரிந்ததும் சில கிராமங்களை நகர எல்லைக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். நகரம் கட்ட வந்த தொழிலாளர்களுக்கும், அலுவலகங்களில் கடைநிலை வேலை பார்த்தவர்களுக்கும் கட்டுப்படியாகும் வீடு போதிய அளவு இல்லை. அவர்கள் அந்தக் கிராமங்களில் வாடகைக்கு வந்தார்கள், வீடுகள் பெருகின. 2003க்கும் 2007க்கும் இடையில் "மாஸ்டர் பிளானிலிருந்து விலகியவை" என்று சொல்லி அரசு அந்தக் குடியிருப்புகளை இடித்தது. லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

ஆலோசகர்கள் இடிக்கச் சொல்லவில்லை. கால் நூற்றாண்டு முன்பே போய்விட்டார்கள். ஆனால் நகரத்தைக் கட்டுகிறவர்கள் எங்கே தூங்குவார்கள் என்ற கேள்விக்குச் செயல்படுத்தக்கூடிய பதில் இல்லாத ஒரு வரைபடம், பிற்கால ஆட்சியின் கையில் அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறியது.

## அறிவு உள்ளூரில் தங்கிய இரண்டு நகரங்கள்

சிங்கப்பூரும் வெளியாட்களைக் கூப்பிட்டது. 1963இல் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் உள்ளிட்ட ஐ.நா. நிபுணர்கள் மூவர் வந்தார்கள். தீவு முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், திட்டமும் செயலும் சேர்ந்தே நகர வேண்டும் என்றார்கள். 1967 முதல் 1971 வரை ஐ.நா. உதவியுடன் நடந்த பெரிய திட்டப் பணியில் ஓர் ஆஸ்திரேலிய ஆலோசனை நிறுவனம் ஈடுபட்டது. அதன் பக்கத்திலேயே உள்ளூர் அதிகாரிகளும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஆலோசகர்கள் போன பிறகும் மாதிரியை ஓட்டத் தெரிந்தவர்கள், அனுமானத்தை மாற்றத் தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அதன் பலன் 1980இல் தெரிந்தது. அந்தப் பணியில் உருவான 1971 கருத்துருத் திட்டம், அதாவது தீவு முழுவதுக்குமான நீண்டகாலத் திட்டம், ரயிலுக்குப் பாதை ஒதுக்கியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக நிபுணர் குழு ஒன்று வந்து, ரயில் வேண்டாம், பேருந்துகளே போதும் என்றது. சிங்கப்பூர் அந்த வாதத்தைத் தூக்கி எறியவில்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. தொலைக்காட்சியில் விவாதம் வைத்தது, சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தது, 1982இல் ரயில் கட்டுவதென்று முடிவு செய்தது. முதல் ரயில் 1987இல் ஓடியது. இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று எடைபோட ஒரு நகரத்துக்குச் சொந்த மூளை வேண்டும். அங்கே அது இருந்தது. அரசே பெரும்பகுதி நிலத்தைக் கையில் வைத்திருந்ததும் அதற்கு உதவியது என்பதை மறைக்கக் கூடாது. எல்லா நகரத்துக்கும் அந்த வசதி கிடையாது.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் அவ்வளவு வசதியானதாக இருக்கவில்லை. 1965இல் சாவோ பாவ்லோவைச் சேர்ந்த நிறுவனமும் ஜோர்ஜ் வில்ஹெய்ம் என்ற கட்டடக்கலைஞரும் அதற்கு முதற்கட்டத் திட்டம் போட்டார்கள். அப்போதே உள்ளூர் இளைஞர்கள் குழு ஒன்று உடன் வேலை செய்தது. அந்தக் குழுவே அதே ஆண்டு இப்புக் என்ற நிரந்தரத் திட்ட நிறுவனமானது. அதிலிருந்து வந்த ஜெய்மி லெர்னர் 1971இல் மேயரானார். வளர்ச்சி, நகர மையத்திலிருந்து வெளியே நீளும் சில முக்கியச் சாலைகளை ஒட்டிப் போகட்டும், அந்தச் சாலைகளின் நடுவில் பேருந்துக்கென்று தனிப்பாதை ஓடட்டும், உயரமான கட்டடங்களுக்கு அங்கேதான் அனுமதி என்று போக்குவரத்தையும் தளப்பரப்பு விதியையும் ஒன்றாகக் கட்டினார்கள். 1974இல் தனிப்பாதையில் பேருந்து ஓடியது. வரைந்தவர்களே ஓட்டிப் பார்த்தார்கள், குறை தெரிந்தபோது திருத்தினார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இல் தொடங்கிய பேருந்துத் திட்டத்துக்கும் முன்மாதிரி இதுதான்.

## ஒப்பந்தத்தில் எதைத் தேட வேண்டும்?

ஆலோசகரின் பணி வரையறை என்று ஓர் ஆவணம் டெண்டருடன் வரும். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. தொடக்க அறிக்கை கொடுத்தால் ஒரு தவணை, இடைக்கால அறிக்கைக்கு ஒரு தவணை, இறுதி அறிக்கைக்கு மீதி என்று பணம் பிரிக்கப்பட்டிருக்கும். திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நடப்பதற்கு ஒரு தவணையும் இருக்காது. கிடைப்பது காகிதமாக இருப்பதற்கு இதுவே பாதிக் காரணம். மாற்ற வேண்டியவை இவை:

1. தரவும் மாதிரியும் யாருக்குச் சொந்தம்? அச்சடித்த வரைபடம் மட்டும் வந்தால் போதாது. திருத்தக்கூடிய கணினிக் கோப்புகள், கணக்கெடுப்பின் மூலத் தரவு, போக்குவரத்து மாதிரி எல்லாமே நகரத்தின் சொத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாண்டு கழித்து அதே கணக்கெடுப்புக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

2. உள்ளூர் அலுவலர்கள் குழுவில் முழுநேரமாக இருக்கிறார்களா? கடைசி மாதத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்துவதை அறிவு மாற்றம் என்று கணக்குக் காட்டுவது சரியில்லை.

3. ஒரே கணிப்பா, மூன்றா? குறைந்த, நடுத்தர, அதிக வளர்ச்சி என்று மூன்று நிலைகளுக்கும் திட்டம் என்ன செய்யும் என்று காட்ட வேண்டும்.

4. திட்டம் போட்ட நிறுவனமே அடுத்து அந்த மேம்பாலத்தின் வடிவமைப்பு வேலையையும் எடுக்க முடியுமா? முடியும் என்றால், மேம்பாலம் தேவையா என்ற கேள்விக்கு அது நடுநிலையாகப் பதில் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

5. வாழும் மக்களின் மொழியில் அறிக்கை இருக்கிறதா? ஆட்சேபணை கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு, படிக்க முடியாத மொழியில் ஐந்நூறு பக்கம் வைத்தால் அது கேட்டதாகாது.

6. எந்தெந்த ஆண்டில் மறுஆய்வு, அதை யார் செய்வார்கள், பணம் எங்கிருந்து வரும்? வெள்ளம் தேங்கும் நிலங்களின் எல்லையை இது முக்கியமாகப் பாதிக்கும். பழைய மழைக்கணக்கை வைத்துப் போட்ட எல்லை, மழையின் போக்கு மாறும்போது பொருந்தாது.

வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது கிடைக்கும் நாட்கள் குறைவு. அதனால் எதை முதலில் திறப்பது என்பது முக்கியம். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடுவது இயல்பு, அதைத் தேடுங்கள். அப்புறம் மக்கள்தொகைக் கணிப்பு இருக்கும் பின்னிணைப்புக்குப் போய், எடுத்துக்கொண்ட வளர்ச்சி விகிதத்தைக் கடைசி இரண்டு கணக்கெடுப்புகளின் எண்களோடு ஒப்பிடுங்கள். அடுத்து, குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக்கென்று எத்தனை ஹெக்டேர், எந்த இடத்தில், வேலை இருக்கும் பகுதிக்கு எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் பகுதியின் பழைய ஓடைகளும் ஏரிகளும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். நீர்நிலைக்கான நீலமாக இருந்த இடம் குடியிருப்புக்கான மஞ்சளாகியிருந்தால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பழைய வரைபடத்தின் நகலையும் இணைத்து, கெடு முடிவதற்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபணை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.